ஈரல் நோயும் டாலர் கொள்ளையும்

மாதந்தோறும் அமாவாசை இரவில் மேல்மலையனூர் கொள்ளாத கூட்டம் கூடுகிறது. சென்னை, புதுவை, பெங்களூர் என்று பல ஊர்களிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். அங்காளம்மன் ஊஞ்சலைக் காண நள்ளிரவு வரை வெட்டவெளியில் காத்துக் கிடக்கும் இந்த ஜனங்கள் யார்? மல்லாட்டை பறிக்கும் கூலிப் பெண்கள். சூளையில் கல் அறுப்பவர்கள். பெங்களூரில் கட்டிட வேலை பார்த்துவிட்டு இரவோடிரவாக ஊர் திரும்புகிறவர்கள். அவர்களுடைய பக்தியைக் கேலி செய்வது நமது வேலையல்ல. நமது கேள்வி சர்க்காரிடம். கோவிலை அறநிலையத் துறையின் கையில் வைத்துக்கொண்டு உண்டியலை எண்ணத் தெரிந்த சர்க்காருக்கு, அதே கூட்டத்தின் நடுவில் ஒரு மேஜையைப் போட்டு, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஹெபடைடிஸ் சி என்னும் ஈரல் நோயின் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லத் தெரியாதா? இருபது நிமிஷ வேலை அது.

"அப்படியொரு நோயைக் கேள்விப்பட்டதே இல்லையே" என்பார்கள். கேள்விப்படாமல் இருப்பதுதான் அந்த நோயின் பலம்.

நம் பக்கத்துக் கிராமங்களில் ஈரலுக்கு வரும் எல்லா நோய்க்கும் ஒரே பெயர், மஞ்சக்காமாலை. கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள், பத்தியம் சொல்வார்கள், சில வாரங்களில் தெளிந்துவிடும். கெட்ட தண்ணீரால் வரும் ஏ, இ வகைக் கிருமிகளின் காமாலை பெரும்பாலோருக்குத் தானாகவே தீரக்கூடியது. பேர் மட்டும் கீழாநெல்லிக்குப் போகிறது. போகட்டும். சி வகை அப்படிப்பட்டதல்ல. தொற்றிய புதிதில் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதும் இல்லை, காய்ச்சல் தெரிவதும் இல்லை. தொற்றிய நூறு பேரில் சுமார் 30 பேருக்கு ஆறு மாதத்துக்குள் கிருமி தானாக ஒழிகிறது. மீதி 70 பேரின் உடம்பில் அது நிரந்தரமாகக் குடியேறி, இருபது வருஷம் முப்பது வருஷம் சத்தமில்லாமல் ஈரலைத் தின்கிறது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கட்டி, ரத்த வாந்தி எடுக்கும் நிலை வருகிறது. சிலருக்குப் புற்றுநோயிலே போய் முடிகிறது. அப்போது ஊர் என்ன சொல்கிறது? "குடித்தே கெட்டான்" என்கிறது. வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொடாத பெண்ணின் பாடைக்குப் பின்னாலும் இந்த முணுமுணுப்பு போகிறது. குடி இந்த நோயை வேகப்படுத்தும் என்பது மெய்தான். ஆனால் அதைச் சொல்லி ஏழையைக் குற்றவாளியாக்கும் யோக்கியதை, 2003 முதல் தெருத் தெருவாக மதுக்கடை நடத்தும் சர்க்காருக்குக் கிடையாது.

நோய் பரவும் வழி ஒன்றே ஒன்று: ஒருவர் ரத்தம் இன்னொருவர் ரத்தத்தில் கலப்பது. கழுவாத ஊசி, ஒருவருக்குப் போட்டதையே மற்றவருக்குப் போடும் சிரிஞ்சு, சோதிக்காமல் ஏற்றிய ரத்தம், சுத்தம் செய்யாத டயாலிசிஸ் கருவி, போதை ஊசியைப் பகிர்வது, பச்சை குத்தும் ஊசி, காது குத்தும் கம்பி, மாற்றாத சவர பிளேடு. நோயுள்ள தாயிடமிருந்து நூற்றுக்கு ஐந்தாறு குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே வரலாம். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, தொடுவதாலோ, கொசு கடிப்பதாலோ வராது. நோயாளிக்குத் தனித் தம்ளர் வைக்கும் வீடுகள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். நமக்குத் தனித் தம்ளரின் சரித்திரம் நன்றாகவே தெரியும்!

ஊசியைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். "ஜனங்களே ஊசி போடு, ஊசி போடு என்று கேட்கிறார்கள், அவர்கள் அறியாமைக்கு நாங்கள் என்ன செய்வது" என்று படித்த கனவான்கள் கையை விரிக்கிறார்கள். அறியாமையா அது? காய்ச்சலோடு படுத்தால் நாளைக் கூலி போச்சு. மூன்று நாள் மாத்திரை தின்று ஓய்வெடுக்க மாதச் சம்பளக்காரனால் முடியும், நடவுக்காரியால் முடியாது. இன்று சாயங்காலம் ஒரு ஊசி, நாளைக் காலை வயலில் நிற்க வேண்டும். இந்த அவசரத்தை உண்டாக்கியது கூலி முறை. அதைக் காசாக்குகிறவன், எந்தப் பட்டமும் இல்லாமல் பெட்டியோடு சுற்றும் போலி டாக்டர். பட்டம் பெற்றவர்களும் யோக்கியர்கள் என்று சொல்லிவிட முடியாது. 2009ல் குஜராத்தில் மொடாசாவில், ஒரு முறை போட்ட சிரிஞ்சையே மறுபடி போட்டதால் ஹெபடைடிஸ் பி பரவி சுமார் 90 பேர் மாண்டார்கள். அதே ரத்த வழியில் செல்லும் தம்பிதான் சி. 2018ல் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் ஜில்லாவில், சைக்கிளில் வந்து மலிவாக ஊசி போட்ட ஒருவன் வழியாக எச்.ஐ.வி. பரவியதை நாடே கண்டது. ஆளைக் கைது செய்தார்கள். அந்த ஊர் ஜனங்கள் ஏன் சைக்கிள்காரனிடம் போனார்கள் என்ற கேள்வியைக் கைது செய்ய முடியவில்லை.

ரத்தம் ஏற்றுவதும் அப்படித்தான். தானம் பெற்ற ரத்தத்தில் இந்தக் கிருமியைச் சோதிப்பது நம் நாட்டில் கட்டாயமாக அமுலுக்கு வந்தது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதற்கு முன்பு பிரசவத்திலோ ஆபரேஷனிலோ ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒரு முறையாவது சோதித்துப் பார்ப்பது அவசியம்.

சோதனையில் ஒரு சூட்சுமம் உண்டு. விரல் சொட்டில் பார்ப்பது கிருமியை அல்ல, கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளை. அது இருந்தால், எப்போதோ தொற்றியது என்று மட்டும்தான் அர்த்தம். இப்போதும் கிருமி உள்ளே இருக்கிறதா என்று அறிய ஆர்.என்.ஏ. சோதனை தேவை. காசநோய் பார்க்க சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் ட்ரூநாட் போன்ற இயந்திரங்களிலேயே இதற்கான சில்லையும் பொருத்திப் பார்க்க முடியும். ஆகவே இயந்திரம் இல்லை என்ற சாக்கு செல்லாது.

வைத்தியம்? இதைக் கொட்டை எழுத்தில் சொல்ல வேண்டும்: இந்த நோய் குணமாகும். ஒரு காலத்தில் இன்டர்பெரான் ஊசியை மாதக்கணக்கில் போட்டு, லட்சக்கணக்கில் செலவழித்து, முடி கொட்டி, மனம் சோர்ந்து, அப்படியும் பாதிப் பேருக்குத்தான் தேறியது. இன்று சோபாஸ்புவிர், டாக்லடாஸ்விர் என்ற இரு மருந்துகள், தினம் ஒரு வேளை, 12 வாரம். நூற்றுக்கு 95 பேர் அளவில் குணம். ஈரல் முற்றிக் கெட்டிருந்தால் மருந்தும் காலமும் மாறும். பி வகைக் கிருமியும் உண்டா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சி போகும்போது பி தலைதூக்கும். மருந்து முடிந்து 12 வாரம் கழித்து மறுபடி ஆர்.என்.ஏ. பார்த்து, கிருமி இல்லையென்றால் குணமாயிற்று. தடுப்பூசி கிடையாது; குணமானவருக்கும் அழுக்கு ஊசியால் திரும்ப வரலாம்.

இந்த மாத்திரை எப்படி நம் கைக்கு வந்தது என்பதில்தான் டாலர் கொள்ளையின் கதை இருக்கிறது.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோபாஸ்புவிர் விற்பனைக்கு வந்தது. கிலீட் கம்பெனி வைத்த விலை மாத்திரை ஒன்றுக்கு 1,000 டாலர். 12 வாரத்துக்கு 84,000 டாலர். அன்றைய மதிப்பில் 50 லட்சம் ரூபாய்க்கு மேல்! உற்பத்திச் செலவு என்ன? லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஹில்லும் அவர் சகாக்களும் 2014ல் கணக்கிட்டுச் சொன்னார்கள்: 12 வாரத்துக்கும் சேர்த்து 68 முதல் 136 டாலர் வரை.

"ஆராய்ச்சிக்குச் செலவாகாதா?" என்று ஏகபோகத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் கிளம்புவார்கள். கிலீட் இந்த மருந்தைக் கண்டுபிடிக்கவே இல்லை. பார்மாசெட் என்ற கம்பெனியை 1,100 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கி, அதோடு மருந்தையும் வாங்கியது. 2014 ஒரே வருஷத்தில் இந்நோய் மருந்துகளை விற்றதில் வந்த வருமானம் 1,200 கோடி டாலருக்கு மேல். போட்ட பணம் ஒரே வருஷத்தில் திரும்பியாயிற்று, விலை இறங்கியதா? அமெரிக்க செனட்டின் நிதிக் கமிட்டி அறிக்கையே 2015ல் சொன்னது, நோயாளிக்குக் கிடைப்பதைவிட வருமானத்தைப் பெருக்குவதே விலை வைத்ததன் நோக்கம் என்று. நாம் சொன்னால் கட்சிப் பிரசாரம் என்பார்கள்.

விஞ்ஞானத்தின் பேரைச் சொல்லி மிரட்ட வேண்டாம். 2020ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஹார்வி ஆல்ட்டர் அமெரிக்க சர்க்காரின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர், சார்லஸ் ரைஸ் பல்கலைக்கழகத்துக்காரர். 1989ல் கிருமியை அடையாளம் கண்ட மைக்கேல் ஹாட்டன் கம்பெனி விஞ்ஞானிதான், மறுக்கவில்லை. ஆனால் 2013ல் கனடாவின் கைர்ட்னர் பரிசை அவர் வேண்டாம் என்றார். காரணம், கூட உழைத்த சூ, குவோ இருவரையும் பரிசு விட்டுவிட்டது. கூட்டு உழைப்பின் மதிப்பு அந்த விஞ்ஞானிக்குத் தெரிந்திருக்கிறது. பங்குச் சந்தைக்குத் தெரியவில்லை.

இந்தியாவில் இதே மருந்தை 2015ல் நாட்கோ கம்பெனி விற்கத் தொடங்கியபோது 28 மாத்திரைக்கு விலை 19,900 ரூபாய். அமெரிக்காவில் அதற்கு 28,000 டாலர்! இந்த வித்தியாசம் கம்பெனிகளின் கருணையால் வந்ததல்ல. 1959ல் நீதிபதி ராஜகோபால அய்யங்கார் கமிட்டி அந்நியக் காப்புரிமைகளின் யோக்கியதையை அம்பலப்படுத்தியது. அதன் மேல் 1970 சட்டம் எழுந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, தயாரிக்கும் முறைக்கு மட்டுமே என்றது. உள்நாட்டு மருந்துத் தொழில் அதனால் வளர்ந்தது. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிர்ப்பந்தத்தால் 2005ல் அந்தச் சட்டத்தை வளைத்தபோது, பார்லிமெண்டில் இடதுசாரிகள் நின்று வாதாடி, 3(டி) பிரிவையும், காப்புரிமை தருமுன்பே யாரும் ஆட்சேபிக்கும் உரிமையையும் காத்தார்கள். 2015 ஜனவரியில் காப்புரிமை அலுவலகம் கிலீட்டின் மனுவைத் தள்ளியது இந்த 3(டி)யின் பலத்தில்தான். பிறகு டில்லி ஹைகோர்ட் வழியாக மனு திரும்பி வந்து, 2016 மே மாதம் காப்புரிமை கொடுக்கப்பட்டது வேறு கதை. ஆனால் இப்படி எதிர்ப்பு கிளம்பும் நாட்டில் 84,000 டாலர் கேட்க முடியாது என்று கண்டதால்தான் இந்தியக் கம்பெனிகளுக்கு 2014ல் லைசென்ஸ் வந்தது. அந்த லைசென்சிலும் பல நாடுகளை வெளியே நிறுத்தினார்கள். நம் ஜனங்கள் ரப்பர்த் தோட்டங்களில் வியர்வை சிந்திய மலேசியா அவற்றில் ஒன்று. அந்நாட்டு சர்க்கார் 2017ல் காப்புரிமையை ஒதுக்கிவிட்டு மலிவு மருந்தை வரவழைக்கத் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தியது.

இப்போது நம் மத்திய சர்க்கார் என்ன செய்திருக்கிறது? 2024 மார்ச்சில் காப்புரிமை விதிகளைத் திருத்தி, முன்கூட்டி ஆட்சேபிப்பதற்குக் கட்டணம் விதித்து, அந்த ஆட்சேபத்தை விசாரிப்பதா வேண்டாமா என்று அதிகாரியே வாசலில் தீர்மானிக்கலாம் என்று ஆக்கியிருக்கிறது. நோயாளிகளின் சங்கம் பணம் கட்டி வாசலில் நிற்க வேண்டும். பன்னாட்டுக் கம்பெனிக்கோ உள்ளே நாற்காலி. அடுத்த மருந்து எந்த விலையில் வரும் என்பதை இந்த விதிகள் தீர்மானிக்கும்.

2018 ஜூலை 28 அன்று தேசிய ஹெபடைடிஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது. சோதனையும் மருந்தும் இலவசம் என்கிறது திட்டம். நல்லது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2024 அறிக்கைப்படி இந்தியாவில் சுமார் 55 லட்சம் பேருக்கு சி கிருமி இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது தெரியாது. தெரியாதவன் எப்படி வந்து இலவச மாத்திரையைக் கேட்பான்? தேடிப் போக வேண்டியது யார்? எகிப்து ஒன்றும் சோஷலிஸ நாடு அல்ல. 1950கள் முதல் நத்தைக் காய்ச்சலுக்குக் கொதிக்க வைக்காத ஊசிகளைப் போட்டு, அந்நாட்டு சர்க்காரே இந்த நோயைக் கிராமம் கிராமமாகப் பரப்பியது. அதே நாடு 2018 அக்டோபர் முதல் ஏழு மாதத்தில் சுமார் 5 கோடி பேரைச் சோதித்து, மருந்தும் கொடுத்தது. இங்கே பஞ்சாப் 2016லேயே 22 ஜில்லா ஆஸ்பத்திரிகளில் இலவச சிகிச்சையைத் தொடங்கிக் காட்டியது.

ஆகவே நாம் கேட்கிறோம். விழுப்புரம் ஜில்லாவில் இதுவரை எத்தனை பேரைச் சோதித்தீர்கள், எத்தனை பேருக்கு மருந்து தொடங்கினீர்கள், எத்தனை பேர் குணமானார்கள்? வட்டாரவாரியாகக் கணக்கை வெளியிடுங்கள். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் விரல் சொட்டுச் சோதனை வேண்டும். கிருமி கண்டவர் ரத்தத்தைச் செஞ்சி ஆஸ்பத்திரியில் எடுத்து நீங்களே முண்டியம்பாக்கத்துக்கு அனுப்புங்கள். கூலியை இழந்து அவர் பஸ் ஏறக் கூடாது. மறுபடி பயன்படுத்த முடியாத சிரிஞ்சு தவிர வேறெதுவும் எந்த கிளினிக்கிலும் இருக்கக் கூடாது. மேல்மலையனூரில் முடி எடுக்கும் தொழிலாளிக்குத் தலைக்கொரு புது பிளேடு சர்க்கார் செலவில் தர வேண்டும். குற்றத்தை அவர் தலையில் கட்டக் கூடாது. அமாவாசை தோறும் சோதனை மேஜை வேண்டும்.

மே 1 கிராம சபையில் வளத்தி, அவலூர்பேட்டை, மேல்மலையனூர்த் தோழர்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். வாய்மொழியாக ஏற்றுக்கொண்டோம் என்றால் விடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்து, கையெழுத்தான நகலைக் கையோடு வாங்கி வாருங்கள்.