காரணத்தை எழுதிக் கொடுங்கள், ஆட்சியர் அவர்களே

பெருமதிப்பிற்குரிய நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வன உரிமைச் சட்டத்தின் மாவட்டக் குழுவுக்குத் தலைவர் நீங்கள். பந்தலூர்ப் பக்கத்துப் பழங்குடியினரான பணியரோ காட்டுநாயக்கரோ கேட்ட நிலத்துக்கு அந்தக் குழு 'இல்லை' என்றால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதுவே இறுதி. மிச்சமிருப்பது சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு ஒன்றுதான்.

அங்கே போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து விசாரிப்பார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். கொலை வழக்கில் அது சரி. ஊட்டி செஷன்ஸ் கோர்ட் தண்டித்தவர் அப்பீல் போனால், உயர் நீதிமன்றம் சாட்சியங்களை வரிவரியாகப் படித்து மறுபடி எடைபோடும். ரிட் மனு வேறு. மனுதாரர் தன் தாத்தா காலத்திலிருந்து அந்த இடத்தில்தான் இருந்தாரா என்பதற்குள் நீதிபதி பெரும்பாலும் போக மாட்டார். ஆணையிட அதிகாரம் இருந்ததா, மனுதாரர் சொல்வதைக் கேட்டார்களா, காரணம் சொன்னார்களா என்றுதான் பார்ப்பார். தவறு கண்டால்கூட, பொதுவாகக் கோப்பு உங்கள் மேசைக்கே திரும்பி வரும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு, உங்களுக்குத் தெரிந்த சீகூர் யானை வழித்தட வழக்கு. வழித்தடம் பற்றிய அரசின் 2010 அறிவிக்கையை ரிசார்ட்காரர்கள் எதிர்த்தார்கள். 2011-இல் உயர் நீதிமன்றமும், 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் அரசின் பக்கமே நின்றன. ஆனால் தனித்தனி உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க, ஓய்வுபெற்ற நீதிபதி வெங்கட்ராமன் தலைமையில் ஒரு குழுவை உச்ச நீதிமன்றமே அமைத்தது. தோற்றவர்களுக்கும் தங்கள் பேச்சைக் கேட்க ஓர் இடம் கிடைத்தது; டெல்லி வரை போக வசதி இருந்தது, போனார்கள்.

குடியுரிமை வழக்குகளிலும், நீதிமன்றம் தானே முடிவுசெய்யாமல் வேறிடத்துக்கு அனுப்பும் இதே கதைதான். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் நம் அரசுத் தேயிலை நிறுவனமான டேன்டீயின் தோட்டங்களில் வேலைக்கு அமர்ந்தார்கள். அதே இந்திய வம்சாவளியினரில் சிலர், பின்னாளில் அங்கு நடந்த கலவரத்துக்குத் தப்பி வந்து, கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் அகதிகளாகவே இருந்தார்கள். 2019 ஜூன் 17 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவர்களுக்குக் குடியுரிமையை வழங்கிவிடவில்லை. மனுக்களை ஆட்சியர் வழியாக அனுப்பவும், மத்திய அரசு 16 வாரத்தில் முடிவெடுக்கவும் உத்தரவிட்டது. அங்கேயும் நடுவில் ஓர் ஆட்சியர்!

ஆக, மேலே எத்தனை நீதிமன்றம் இருந்தாலும் உண்மையைத் தோண்டிப் பார்க்கிற இடம் உங்கள் குழுதான். அங்கே பதிவாகாதது பிறகு எங்கேயும் பதிவாவது அரிது. அதனால்தான் 'போதிய ஆதாரம் இல்லை' என்ற ஒற்றை வரி ஆணைகள் எனக்குக் கோபமூட்டுகின்றன. எந்த ஆதாரம் இல்லை? கொடுத்ததில் எது செல்லவில்லை, ஏன்? ஊர்ப் பெரியவரின் எழுதிவாங்கிய வாக்குமூலத்தையும் ஆதாரமாக ஏற்கலாம் என்கின்றன விதிகள்; குறிப்பிட்ட ஒரு பத்திரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கக் கூடாது என்றும் சொல்கின்றன. நிராகரிப்பைக் காரணத்தோடு எழுத வேண்டும், மனுதாரரிடம் நேரில் தெரிவிக்க வேண்டும் என்று 2012-இல் திருத்தமே வந்துவிட்டது.

அரசின் நன்மைக்கும் இது தேவை. 1977-இல் மொஹிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆணையை அதில் எழுதியுள்ள காரணங்களை வைத்தே எடைபோட வேண்டும், பிற்பாடு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் ஒட்டவைக்க முடியாது. ஒற்றை வரி ஆணை போட்ட அதிகாரிக்காக அரசு வழக்கறிஞர் சென்னையில் விழிபிதுங்கி நிற்க வேண்டியதுதான்.

பந்தலூரிலிருந்து சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பழங்குடியினருக்கு இலவச சட்ட உதவி உண்டு என்றாலும், ஒரு நாள் கூலியை விட்டு யார் போவது? ஆகவே என் வேண்டுகோள் சிறியது. நிராகரிக்கும் ஒவ்வொரு ஆணையிலும் காரணத்தைத் தமிழில் விரிவாக எழுதுங்கள். உங்கள் குழுவுக்குக் கீழுள்ள கோட்ட அளவிலான குழு நிராகரித்தால், உங்களிடம் முறையிட 60 நாள் உண்டு என்பதையும் அந்தத் தாளிலேயே அச்சிடச் சொல்லுங்கள். தபாலில் போடாமல், அவர்கள் குடியிருப்பான பாடிக்கே ஆளனுப்பி, படித்துக் காட்டிக் கொடுக்கச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
கூடலூரில் மனு எழுதிக்கொடுக்கும் ஒருவன்