நீதிபோதனை: ஆசிரியருக்குப் பயிற்சி எங்கே?

பள்ளிகளில் நீதிபோதனை வகுப்பென ஒன்று நெடுங்காலம் இருந்ததை அறிவீர்கள். தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியர் அதை வாங்கிக்கொள்வார். அவரைக் குறைகூறிப் பயனென்ன? அவ்வகுப்பை நடத்தும் முறையை அவருக்குக் கற்பித்தவர் யார்?

1966இல் அறிக்கை அளித்த கோத்தாரி கல்விக் குழு இதனைச் சிந்தித்தே இருந்தது. வாரத்திற்கு ஓரிரு பாடவேளைகளை ஒழுக்கக் கல்விக்கு ஒதுக்க வேண்டும். தனி ஆள் அமர்த்தாது பொது ஆசிரியர்களே, கூடுமானவரை பல சமூகத்தவராக இருந்து, அதை நடத்த வேண்டும். அவர்களை ஆயத்தம் செய்வது பயிற்சி நிறுவனங்களின் பெருநோக்கமாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. பாடவேளை வந்தது, பயிற்சியோ பின்தங்கிவிட்டது.

‘பல சமூகத்தவர்’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரையைப் பாருங்கள். கோவளம் தர்காவை அடுத்து வாழும் முஸ்லிம் பிள்ளை, மீனவர் குப்பத்துப் பிள்ளை, மாமல்லபுரத்துச் சிற்பியின் பிள்ளை ஆகிய மூவரும் ஒரே பலகையில் அமரலாம். முழுதும் அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாதென்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. அது நியாயமே. ஆகவே, பொய் சொல்லலாகாது என்பதை எந்த வேதத்தையும் துணைக்கழைக்காமல் அம்மூவர் உள்ளத்திலும் பதியவைக்க வேண்டும். மிம்பரில் நின்று பயான் செய்வதைவிட இது கடினம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஆசிரியரின் கடமைகளை எட்டாக வகுத்து, சொல்வதைத் தாமே செய்வதை இறுதியில் வைத்தார்கள். அது நூலால் வருவதன்று. பெரியோரோடு பழகி வருவது. 2014இல் வகுக்கப்பட்ட விதிகள், பி.எட். பயில்வோர் 20 வாரம் பள்ளியில் இருந்து பயிற்சி பெறவேண்டுமென்கின்றன. அவ்வாரங்களில் கணக்குப் பாடத்தை நடத்திக் காட்டுவது போலவே, பென்சில் திருடியதாகக் கூறப்படும் சிறுவனை அவமானப்படுத்தாமல் விசாரிப்பதையும் மூத்த ஆசிரியர் முன்னிலையில் பழகட்டுமே!