அந்த வீட்டிலும் கண்ணாடி உண்டு

இரண்டு பெண்கள் ஜோடியாக ஒரே வீட்டில் வாழ்கிறார்கள் என்று சொன்னால் முதலில் என்ன கேட்பீர்கள்? 'சந்தோஷமா இருக்காங்களா?' என்றா? இல்லை. 'அதுல யாரு ஆம்பளை?' என்றுதான். கோபப்படாதீர்கள். நீங்கள் கேட்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார்.

விடையையும் நாமே சொல்லிவிடுவோம். முடியைக் கத்தரித்து, பேன்ட் போட்டு, கொஞ்சம் கறுப்பாக, குண்டாக இருந்தால் அவள் 'ஆம்பளை'. ஒல்லியாக, சிவப்பாக இருப்பவள் 'பொம்பளை'. ஒரே பார்வையில் இரண்டு உடம்புக்கும் மார்க் போட்டு, ஒருத்தியை ஃபெயிலாக்கியும் ஆயிற்று.

படித்தவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். 'ஆம்பளையே இல்லாத வீடு. அழகு, நிறம், எடை பற்றிய கவலையெல்லாம் அங்கே எதுக்கு?' மேல்நாட்டு உளவியல் நிபுணர்கள் சிலரும் இப்படித்தான் நினைத்தார்கள். 2004-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உடம்பு பற்றிய திருப்தியில் லெஸ்பியன் பெண்களுக்கும் மற்ற பெண்களுக்கும் இருந்த வித்தியாசம் ரொம்பச் சின்னதுதான்.

இதில் என்ன ஆச்சரியம்? அவர்களும் நம் வீடுகளில் வளர்ந்தவர்கள்தானே! 'வெயில்ல சுத்தாதே, கறுத்துடுவே', 'இப்படித் தின்னா எவன் கட்டுவான்?' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். 1975-ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி', தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுக்க 2020 வரை ஆயிற்று. எவனும் கட்ட வேண்டாம் என்று முடிவு செய்த பெண்ணின் காதிலும் அந்தக் குரல் ஓயாது.

தன் உடம்பைப் பார்த்துக் கூசுகிறவள், தொட வரும் கையையும் தட்டிவிடுவாள். 'உனக்கென்ன, நீ ஒல்லி' என்று ஒரு வார்த்தை விழும். தன்னோடு ஒப்பிட்டுப் பார்க்க அவள் தெருவுக்குப் போகவேண்டியதில்லை. பக்கத்திலேயே இன்னொரு பெண் இருக்கிறாள். அன்பு குறைந்துவிட்டதென்று இருவருமே நினைத்துக்கொள்வார்கள்.

கல்யாணம் ஆனவர்கள் சண்டை போட்டால் சமாதானம் செய்ய அத்தை, சித்தப்பா என்று ஒரு படையே வரும். இவர்களுக்கு யார் வருகிறார்கள்? போலீஸ்!

மிகைப்படுத்தவில்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள், பெற்றோர் கொடுத்த புகாரால் போலீஸ் துரத்த, பாதுகாப்புக் கேட்டு ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயம் முழுசாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஒரு உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். 2021 ஜூனில் அவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று உத்தரவிட்டார். தெரியாது என்று சொல்ல ஒரு நீதிபதிக்கே கூச்சமில்லை. நமக்கு என்ன கௌரவம்?

இப்படிப்பட்ட உறவு குற்றமில்லை என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. திருமண உரிமையைத் தர 2023-ல் மறுத்தது. குடும்பம் அமைக்கக் கல்யாணம் மட்டுமே வழியில்லை என்று 2025-ல் சென்னை ஹைகோர்ட் சொன்னது. கோர்ட்டால் போலீஸைத் தடுக்க முடியும். உங்கள் வாயையும் என் வாயையும் தடுக்க எந்தக் கோர்ட்டாலும் முடியாது.

அடுத்த முறை அப்படி இருவரைச் சந்தித்தால், யார் குண்டு, யார் கறுப்பு, யார் ஆம்பளை என்று அளக்காதீர்கள். 'சாப்பிட்டீங்களா?' என்று கேளுங்கள். வீட்டுக்கு வருகிற எல்லோரையும் நாம் கேட்பது அதைத்தானே?