பேட்டையைப் பார்த்து ஜாகை!

சென்னைக்கு மாற்றலாகிவிட்டதா? ஜாகை பார்க்கப் போனால் பளபளக்கும் தரையை அப்புறம் ரசிக்கலாம். முதலில் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம், "2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். கையால் முழங்காலைக் காட்டுகிறாரா, கழுத்தைக் காட்டுகிறாரா என்று பாருங்கள்! முடிச்சூர் அடையாற்றை ஒட்டியது. வேளச்சேரிக்குப் பக்கத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அங்கெல்லாம் கீழ்த்தளம் என்றால் 2023 மிக்ஜாம் புயலையும் விசாரித்தாக வேண்டும். தரகர் சொல்ல மாட்டார். பாவம், அவர் பிழைப்பு அப்படி.

பள்ளிக்கூடம் போகக் குழந்தை எந்தச் சாலையைத் தாண்ட வேண்டும்? காலை எட்டரை மணிக்கு நீங்களே நடந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையில் எல்லாச் சாலையும் பரம சாதுதான்! சாயங்காலம் தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்கிறதா? அட்வான்ஸைக் கொடுத்துவிடலாம்.