கேட்கத் தெரியாத ஆங்கிலம்

பாடசாலை ஆங்கிலத்தைப் பற்றி இந்நாட்டில் இரு கூட்டத்தார் ஓயாது பேசி வருகின்றனர். ஆங்கிலமின்றி உய்வில்லை என்கிறது ஒன்று. ஆங்கிலத்தைத் தீண்டினால் தமிழ் கெடும் என்று கூக்குரலிடுகிறது மற்றையது. இரு திறத்தாரின் பிள்ளைகளும் ஒரே சர்வதேசப் பாடசாலையின் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கக் காண்பதுமுண்டு. அது கிடக்க. ஏழைப் பிள்ளைக்கு எந்த ஆங்கிலம் கொடுக்கப்படுகிறது என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

மூன்றாந் தரந் தொடங்கிச் சாதாரண தரம் வரை ஒன்பது ஆண்டுகள் நம் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கின்றனர். அவர்தம் கொப்பிகளைப் புரட்டிப் பாருங்கள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல். வலப்பக்கம் தமிழ்க் கருத்து. கரும்பலகை, மேசை, நூலகம், நேரசூசி, அதிபர் என்று பட்டியல் நீளும். பாடசாலை வாழ்வைப் பற்றிய ஆங்கிலச் சொற்களோ ஏற்கனவே ஊரிற் புழங்குபவை. பிரின்சிப்பல், ரீச்சர், மொனிற்றர், இன்ரவல், ரியூசன், ரிப்போர்ட், கம்பஸ் என்பவற்றைப் பள்ளிக்கூடப் படி மிதியாத ஆச்சியும் அநாயாசமாகச் சொல்வாள். தெரிந்த சொல்லுக்கு எழுத்துக்கூட்டிப் புள்ளி பெறுவதுதான் மொழிக்கல்வியென்றால், ஆச்சிக்கும் பாதிப் பட்டம் வழங்கிவிடலாம்.

சொற்கள் இவ்வாறாக, பேச்சு எவ்வாறிருக்கிறது? 'மே ஐ கம் இன், சேர்?', 'யெஸ், ரீச்சர்', 'சொறி, சேர்', 'தாங்க் யூ, மிஸ்'. உள்ளே வர உத்தரவு கேட்கவும், ஆமென்று தலையாட்டவும், மன்னிப்பு வேண்டவும், நன்றி செலுத்தவும் பிள்ளை பழகிவிட்டது. ஒரு நல்ல வேலையாளுக்கு வேண்டிய மொழி முழுவதும் இந்நான்கு வாக்கியங்களில் அடங்கிவிட்டதல்லவா? 'எனக்கு விளங்கவில்லை', 'நான் உடன்படவில்லை', 'இதற்குக் காரணம் என்ன?' என்ற வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்ல எத்தனை வகுப்புகளில் இடமுண்டு?

தமிழில் 'கேள்' என்பது அதிசயமான சொல். செவிமடுத்தலும் வினவுதலும் அந்த ஒரு சொல்லுள் அடங்கும். ஆங்கிலம் அதனைப் பிரித்து, ஒன்றை 'லிஸின்' என்றும் மற்றதை 'ஆஸ்க்' என்றும் வழங்குகிறது. பட்டியலில் இரண்டுக்கும் எதிரே 'கேள்' என்றே எழுதியிருக்கும். வகுப்பிலோ ஒன்பது ஆண்டுகளும் 'லிஸின்' என்ற கேள் ஒன்றே நடைமுறையில் உண்டு. மற்றக் கேள் பரீட்சைத் தாளோடு முடிந்துவிடுகிறது.

இது தற்செயலாக நேர்ந்ததென நாம் நம்பவில்லை. மலையகத்தைப் பாருங்கள். தோட்டத் தொழிலாளியின் பேச்சில் ஆங்கிலம் நுழைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. பெரட்டு, செக்ரோல், கொந்தரப்பு என்று துரைமார் ஆட்சியோடு இறங்கிய அச்சொற்கள் யாவும் ஆளெண்ணும் சொற்கள், வேலை வாங்கும் சொற்கள். செக்ரோலில் ஒரு நாட்பெயர் விடுபட்டால் ஏனென்று வினவும் ஆங்கிலம் லயத்துக்கு வந்து சேரவில்லை. இன்று அந்த லயத்துப் பேரனின் சொற்பட்டியல் நீண்டிருக்கிறது. அதன் குணம் மாறவில்லை.

1945 இல் இலவசக் கல்வி வருமுன், சுயபாஷைப் பள்ளி ஏழைக்கு, கட்டணம் பெறும் ஆங்கிலப் பள்ளி வசதியுள்ளோர்க்கு என்றிருந்த நிலையைக் கன்னங்கராவின் சீர்திருத்தம் தகர்க்க முயன்றது. அந்தச் சுவர் இன்று வேறிடத்தில் எழுந்துள்ளது. சர்வதேசப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை கல்வி அமைச்சின் கீழன்றிக் கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை. அங்கே பணம் கட்டிய பிள்ளை ஆங்கிலத்தில் வாதிடுகிறது. இங்கே இலவசப் பாடநூல் பெற்ற பிள்ளை ஒப்புவிக்கிறது. சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்குக் 'கடுவ', அதாவது வாள், எனப் பெயரிட்டது வீணாகவன்று. பிடி ஒருவர் கையில். முனை மற்றவர் பக்கம். 1987 இன் பதின்மூன்றாந் திருத்தம் இதே ஆங்கிலத்தை இணைப்பு மொழியென்றது. ஒரே ஆங்கிலப் பாடநூலைப் படிக்கும் தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒருவரோடொருவர் நாலு வார்த்தை பேச முடியாதிருக்கையில், எவரை எவரோடு இணைத்தார்கள்?

"முதலிற் சொல் வேண்டாமா? சொல்லின்றிப் பேச்சேது?" என்று அன்பர் சிலர் கேட்பர். புறக்கோட்டைக் கடையிற் சேர்ந்த தமிழ்ப் பையன் எந்தப் பட்டியலை மனனஞ் செய்து சிங்களம் பேசினான்? விலை பேசவும், மறுக்கவும், ஏமாற்றினால் எதிர்த்து நிற்கவும் அவனுக்கு அம்மொழி தேவைப்பட்டது. சொற்கள் தேவையின் பின்னே வந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1999 இல் வெளியான தம் நூலில், அமெரிக்கப் பாடப் புத்தகமொன்றின் ஓரங்களில் நம் மாணவர் எழுதியும் வரைந்தும் வைத்தவற்றை ஆராய்ந்திருக்கிறார். பாடத்தில் அந்நிய வாழ்க்கை. ஓரத்தில் அவர்தம் சொந்த உலகம். பேசுவதற்கு அவர்களிடம் விஷயம் இருந்தது. பாடம் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

ஆகவே, ஆங்கில ஆசிரியத் தோழர்களிடம் ஒன்று கோருகிறோம். காய்ச்சலால் வர முடியவில்லை என்னும் விடுமுறைக் கடிதத்தைத் தலைமுறை தலைமுறையாக எழுதுவித்தது போதும். ஒழுகும் கூரையைப் பற்றி, இல்லாத விஞ்ஞான ஆசிரியரைப் பற்றி, நீர் வராத குழாயைப் பற்றி வலயக் கல்விப் பணிமனைக்கு வகுப்பு முழுவதும் சேர்ந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதட்டும். பிழைகள் மலியும், திருத்திக் கொடுங்கள். பின்பு தபாலிற் சேர்த்துவிடுங்கள்.