தீயணைப்போரும் உயிர்காப்புப் பயிற்சியும்

மக்கள் நெருங்கி வாழும் நகரங்களில் நலங்கள் பல பெருகுவது போலவே இடர்களும் பெருகுகின்றன. நம் சென்னை மாநகரின் தென்பாகத்தை நோக்குவோமாயின் இவ்வுண்மை இனிது விளங்கும். மயிலாப்பூரின் மாடவீதிகளிலும், தியாகராய நகரின் அங்காடித் தெருக்களிலும், அடையாற்றின் கரையிலுள்ள குடியிருப்புகளிலும் தீயோ, வெள்ளமோ, கட்டட இடிபாடோ நேருங்கால், முதலில் அழைக்கப்படுவோருள் தீயணைப்புத் துறையினர் தலைநிற்பர். இவர்களைத் தீயணைக்கும் தொழிலோடு நிறுத்தாது, பாராமெடிக் என வழங்கும் அவசர மருத்துவப் பணியாளராகவும் கட்டாயமாகப் பயிற்றிப் பணிகொள்ளல் வேண்டும் என்னும் கருத்து, உலகில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவது. அது நம் நகருக்கு எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் நம்மிடத்துள்ள ஏற்பாட்டை அறிதல் வேண்டும். சென்னையில் தீயணைப்புப் பணி 1908-ஆம் ஆண்டு தொடங்கியது. இப்பொழுது அது தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை என்னும் பெயரோடு, 101 என்னும் எண்ணுக்கு விடையளித்து நிற்கிறது. நோயாளரையும் விபத்துற்றோரையும் கட்டணமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்க்கும் 108 ஆம்புலன்ஸ் பணியோ 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 15-ஆம் தேதி தொடங்கியது. அதன் ஊர்தியில் ஓட்டுநர் ஒருவரும் அவசர மருத்துவ உதவியாளர் ஒருவரும் வருவர். ஆகவே தீக்கு ஒரு கை, உயிருக்கு ஒரு கை என இரண்டு தனித்தனிக் கைகள் நமக்கு உள்ளன. இரண்டும் ஒரே நேரத்தில் ஓரிடத்தை அடையுமாயின் குறையொன்றுமில்லை. ஆனால் நகரின் நெரிசலில் ஒன்று முந்துதலும் மற்றொன்று பிந்துதலும் இயல்பே. அந்த இடைவெளியில் ஓர் உயிரின் கதி யாது என்பதே நம் வினா.

இவ்வினா வெறும் கற்பனையன்று. 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலுள்ள பேரங்காடி ஒன்றில் மூண்ட தீயில் ஊழியர் இருவர் உயிரிழந்தனர். 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் சேப்பாக்கம் எழிலக வளாகத்திலுள்ள பழமை வாய்ந்த கலஸ் மகால் எரிந்தபொழுது, தீயணைப்பு அலுவலர் ஒருவர் கடமையிலேயே உயிர்நீத்தார். பெண் அதிகாரி ஒருவர் கடுந் தீக்காயமுற்றார். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாத வெள்ளத்தில் அடையாற்று நீர் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுட் புகுந்தபொழுது, படகேறிச் சென்று முதியோரையும் குழந்தைகளையும் மீட்டவருள் தீயணைப்போரும் இருந்தனர். 2017-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் தேதி உஸ்மான் சாலையிலுள்ள ஏழடுக்குத் துணிக்கடையிற் பற்றிய தீ ஒரு நாளுக்கு மேலும் எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து வீழ்ந்தது. அதன் புகை சுற்றிலுமுள்ள தெருக்களை மூடிற்று.

தீவிபத்தில் மாய்வோருள் பலர் சுடரால் மாய்வதில்லை, புகையாலேயே மாய்கின்றனர். புகையிற் கலந்துள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு குருதியில் ஆக்ஸிஜன் தங்கும் இடத்தைப் பற்றிக்கொள்கிறது. அதற்கு உடனடி மருந்து ஆக்ஸிஜனே. இதயம் நின்றுவிடுமாயின் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை கேடுறத் தொடங்கும். இவ்வாறு மூச்சும் நாடியும் தளர்ந்த ஒருவரைப் புகையினின்று தோளிற் சுமந்து வெளிக்கொணர்பவர் யாவர்? தீயணைப்பாளரே. அவர் கை அறிந்திருப்பது சுமத்தலும் கிடத்தலும் மட்டுமாயின், மீட்கப்பட்ட உயிர் தெருவிலே கிடந்து, மருத்துவ ஊர்தியின் சங்கொலிக்குக் காத்திருக்க நேரிடும். இவ்விடத்தில் ஒரு நிமிடம் ஒரு நாளினும் பெரிது.

பிற நாட்டார் இதனை எங்ஙனம் தீர்த்தனர் என்பதும் அறியத்தக்கது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரத்தில் 1969-ஆம் ஆண்டிலேயே தீயணைப்போரைப் பாராமெடிக்குகளாகப் பயிற்றத் தொடங்கினர். இன்று அந்நாட்டுத் தீயணைப்பு நிலையங்களுக்கு வரும் அழைப்புகளுள் பாதிக்கு மேற்பட்டவை தீ பற்றியன அல்ல, நோயும் விபத்தும் பற்றியன. ஜப்பானிலும் ஹாங்காங்கிலும் ஆம்புலன்ஸ் பணி தீயணைப்புத் துறையின் கீழேயே நடைபெறுகிறது. நம் தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரிலும் இரண்டும் ஒரே துறையின் கீழ் உள்ளன. எனினும் அங்கே ஆம்புலன்ஸிற் செல்லும் பாராமெடிக்கின் தொழில் தனித்தொழிலாகவே இருக்கிறது. தீயணைப்போர் அதற்கு அடுத்த நிலையிலுள்ள அவசர உதவிப் பயிற்சியைப் பெறுகின்றனர். லண்டன் நகரிலோ இரு துறைகளும் வெவ்வேறாகவே இயங்குகின்றன. ஆகவே ஒருவரே இரண்டு தொழிலையும் முழுமையாகச் செய்தல் வேண்டும் என்பது எங்கும் ஒப்பமுடிந்த விதியன்று.

முழுக் கட்டாயத்தை நாம் ஏற்காமைக்குக் காரணங்கள் உள்ளன. மருத்துவ உதவி கைப்பழக்கத்தால் வளர்வது. நாள்தோறும் நோயாளரைக் காண்பவர்க்கே அது கூர்மை குன்றாது நிற்கும். எப்பொழுதோ ஒருமுறை ஊசியெடுக்கும் கை நடுங்கும். தீயணைப்போ அதற்குக் குறையாத அரிய கலை. ஏணியும், குழாயும், மூச்சுக் கருவியும் இடையறாப் பயிற்சியை வேண்டுவன. இரண்டு ஓடத்திற் கால் வைத்தவர் நிலை இருவகைத் தொழிலுக்கும் வரலாகாது. மேலும், ஒரு நிலையத்தார் நோயாளி ஒருவரோடு வைத்தியசாலை வாயிலிற் காத்துநிற்கும் பொழுது, அவர்தம் எல்லையில் தீ மூளுமாயின் யார் செல்வது? நீண்ட நேரம் புகையில் உழைத்துக் களைத்த ஒருவரை, உடனே மற்றொரு வேலைக்கு ஏவுதல் அறமாகுமா? ஊதியமும் ஆளும் பெருக்காது சுமையை மட்டும் பெருக்குவது சீர்திருத்தம் எனப்படாது. அது சிக்கனத்துக்கு இட்ட வேறொரு பெயரே.

ஆயினும், முழுப் பாரமும் வேண்டாம் என்பதனால் யாதொன்றும் வேண்டாம் என்றாகாது. முதலுதவி தீயணைப்போர்க்கு இன்றும் கற்பிக்கப்படுகிறதே என்று சிலர் கூறலாம். உண்மையே. ஆனால் பணியிற் சேருங்கால் ஒருமுறை கற்றதைப் பன்னீராண்டு கழித்துக் கை மறந்திருக்கும். ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, மார்பழுத்தி உயிர்ப்பித்தல், குருதிப் பெருக்கை நிறுத்தல், தீக்காயத்தைக் குளிர்வித்து மூடல், முதுகெலும்பு முறிந்தோரை அசையாது ஏந்தல், ஆக்ஸிஜன் அளித்தல் ஆகிய ஐந்தும் ஒவ்வொரு தீயணைப்பாளருக்கும் கட்டாயமாதல் வேண்டும். ஆண்டுதோறும் அவை மீளப் பயிற்றப்பட்டுத் தேர்வும் நடைபெறல் வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு வைத்தியசாலையின் தீக்காயப் பிரிவு போன்ற இடங்களில் சில நாட்கள் உடனிருந்து கற்றல் மிகப் பயன்தரும். இரண்டாவது, கருவியின்றிக் கல்வி பயனிலது. ஆதலின் ஒவ்வொரு தீயணைப்பு ஊர்தியிலும் ஆக்ஸிஜன் உருளையும், இதயத்தை மின்னதிர்வால் இயக்கும் சிறு கருவியும், தீக்காயக் கட்டுகளும் இருத்தல் வேண்டும். மூன்றாவது, விரும்பி முன்வருவோர்க்கு மட்டும் முழு அவசர மருத்துவப் பயிற்சியளித்து, அதற்குத் தனி ஊதியமும் வழங்கி, தியாகராய நகர் போன்ற நெரிசல் மிக்க இடங்களில் முறைக்கு ஒருவரேனும் இருக்கச் செய்தல் நலம்.

இவற்றோடு, 101-க்கு வரும் அழைப்பு உடனே 108-க்கும், 108-க்கு வரும் அழைப்பு வேண்டுமிடத்து 101-க்கும் எட்டும் வழி உறுதியாதல் வேண்டும். மருத்துவ ஊர்தி வந்தவுடன் தீயணைப்போர் நோயாளியை ஒப்படைத்துத் தம் பணிக்கு மீள்வர். இதனால் எவர் தொழிலும் எவராலும் கவரப்படுவதில்லை. இடைவெளி மட்டுமே நிரப்பப்படுகிறது. செலவு மிகும் என்பார்க்கு நாம் கூறுவது இது: நிலையமும், ஊர்தியும், ஆளும் முன்னரே உள்ளன, அவற்றோடு சேர்க்க வேண்டுவது பயிற்சியும் சில கருவிகளுமே. கலஸ் மகாலில் நேர்ந்ததை நினைப்போர், இக்கல்வி பொதுமக்களுக்கு மட்டுமன்றித் தீயிற் புகும் தோழருக்கும் கவசமாகும் என்பதை உணர்வர்.

மாணவ நண்பர்காள்! அரசினரிடம் இவற்றை வேண்டும் நமக்கும் கடன் ஒன்று உண்டு. தீயணைப்பு ஊர்தி நுழைய வேண்டிய சந்தில் நம் இருசக்கர வண்டியை நிறுத்தாதிருத்தலும், பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உலா வரும் நாளில் ஆம்புலன்ஸுக்கு வழி விலகலும் எவர்க்கும் எளியன. மார்பழுத்தி உயிர்ப்பிக்கும் முறையைச் சில மணி நேரத்தில் எவரும் கற்கலாம். நம் கல்லூரிகளை விட்டு ஆண்டுதோறும் வெளியேறும் இளைஞர் யாவரும் இவ்வொன்றைக் கற்றிருப்பாராயின், தீயணைப்பாளர் வருமுன்னரே உதவி செய்யும் கைகள் தெருத்தோறும் இருக்கும். தம் உயிரைப் பொருட்படுத்தாது பிறர் உயிரை மீட்பவர்க்கு, மீட்ட உயிரை நிலைநிறுத்தும் கல்வியையும் கருவியையும் நல்குதல் நன்றியுள்ள நகரத்தாரின் கடமையாகும்.