பாதாளத்தில் பாதை, படியேறினால் வாதை!



பாறையைக் குடைந்தாயிற்று. பாதாளத்தில் பாதை கண்டாயிற்று. 2017 மே திங்களில் திருமங்கலத்துக்கும் நேரு பூங்காவுக்குமிடையே சென்னையின் முதல் சுரங்க மெட்ரோ ஓடிற்று. 2021ல் விம்கோ நகர் வரை நீண்டு, பாதை 54 கிலோமீட்டரைத் தொட்டது. இரண்டாம் கட்டத்துக்கோ 63,246 கோடி ரூபாய்த் திட்டம்! பெருமைதான், மறுப்பாரில்லை.

ஆனால் படியேறி வெளியே வந்து, பேருந்து நிறுத்தம் வரை நடந்து பாருங்கள். நடைபாதை என்ற பெயர் இருக்கும். நடக்கப் பாதை இராது! மின்பெட்டி வழி மறிக்கும். கார் குறுக்கே படுத்திருக்கும். மூடாத வடிகால் வாய் பிளந்து கிடக்கும்.

அந்த வழியே நடப்பவர் யார்? மாளிகைவாசியா? அவருக்கு வாயிலிலே வாகனம் காத்திருக்கிறது! நடப்பவர், பூக்கூடை சுமக்கும் தாய். புத்தகப் பை சுமக்கும் மாணவி. ஊன்றுகோல் ஏந்திய முதியவர். சக்கர நாற்காலியில் வரும் மாற்றுத்திறனாளி. நிலையத்துக்குள்ளே அவர்களுக்கு மின்தூக்கி. வெளியிலே தாண்டவொண்ணாத விளிம்புக்கல்! விருந்துக்கு அழைத்துவிட்டு வாயிலை அடைத்த கதையன்றோ இது?

விதி இல்லையா? இருக்கிறது. நடைபாதையில் தடையற்ற அகலம் 1.8 மீட்டருக்குக் குறையலாகாது, விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டரை மிஞ்சலாகாது என்று இந்திய சாலைகள் காங்கிரஸ் 2012லேயே வரையறுத்தது. கொள்கை இல்லையா? அதுவும் இருக்கிறது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 விழுக்காட்டை நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் தருவதென 2014ல் சென்னை மாநகராட்சியே கொள்கை வகுத்தது. ஏட்டிலே இருப்பது வீதிக்கு வரவேண்டாமா?

தடை எங்கே? நிலையம் ஒருவர் பொறுப்பு. சாலை வேறொருவர் பொறுப்பு. மின்பெட்டி மற்றொருவர் பொறுப்பு. நடப்பவர் மட்டும் எவர் பொறுப்பிலும் இல்லை! ஆகவேதான் சொல்கிறோம்: நிலையம் படிக்கட்டோடு முடிவதில்லை. சுற்றிலும் 500 மீட்டர் வரை நடைபாதையும் நிழலும் விளக்கும் சாலை கடக்கும் வசதியும் ரயில் திட்டத்தின் செலவிலேயே சேரட்டும். ஒரே பொறுப்பாளர் கையில் நிற்கட்டும்.

"கடைக்காரரை விரட்டுக!" என்பர் சிலர். கூடாது! தெரு வியாபாரிக்கு இடம் வகுத்துத் தரச் சொல்கிறது 2014ஆம் ஆண்டுச் சட்டம். ஏழையின் தள்ளுவண்டியை ஓட்டிவிட்டுச் சீமான் கார் நிறுத்த இடம் தருவது சீர்திருத்தமாகாது. அகற்ற வேண்டியது காரை! தியாகராயநகர் பாண்டி பஜாரில் 2019ல் நடைபாதை அகன்றதே, வாணிபம் வாடிவிட்டதா? மக்கள் உலவும் வீதியாயிற்று.

தோழரே, கேட்பதோடு நில்லாதீர். உங்கள் வட்டத்து நிலையத்திலிருந்து பேருந்து நிறுத்தம் வரை அளவுநாடாவோடு நடந்து, தடைகளைப் பட்டியலிட்டு, மாமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள், தீரும்வரை கேளுங்கள். அந்தப் பட்டியலிலே நமது பதாகையும், நமது கொடிக்கம்பமும், நமது மேடையும் இருக்குமானால், முதலில் அவற்றை அகற்றுங்கள்! எளியவருக்காக உயர்ந்த கொடி, எளியவர் நடக்கும் வழியை மறித்து நிற்கலாமா?